கிழக்கு நாற்காலி

அக்ரா, புக்கோம். சனிக்கிழமை இரவு.
மேடையின் கீழ்க்கயிறு என் நெற்றி உயரத்தில்.
மடியில் அட்டை. காதில் பஞ்சு.
பஞ்சால் ஒன்றும் ஆவதில்லை,
சத்தம் நாற்காலிக் கால்கள் வழியே ஏறி
முதுகெலும்பில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

பகலில் நான் மின்சார மீட்டர் கணக்கெடுப்பவள்.
யார் வீடு என்று மீட்டருக்குத் தெரியாது.
எனக்குத் தெரியும்,
அதில்தான் வம்பு.

சிவப்பு மூலையில் ஆயிட்டே.
அவன் பெயர் எழுதாத சுவர் இந்தத் தெருவில் இல்லை.
மீன் வறுக்கும் பெண்கள் அவனிடம் காசு வாங்குவதில்லை.
முரசோடு வந்தான், எட்டுப் பேர் தோள்மேல்.

நீல மூலையில் யாக்கூபு.
தமாலேயிலிருந்து ஒரு பகலும் பாதி இரவும் பஸ்ஸில்.
கூட வந்தது ஒரு மாமன், ஒரு வாளி.
அறிவிப்பாளர் அவன் பெயரை
இரண்டு முறை, இரண்டு விதமாகத் தப்பாகச் சொன்னார்.

மணி.

ஆயிட்டே வீசுகிறான். கூட்டம் ஓவென்கிறது.
அந்த ஓ எங்கே விழுந்தது என்று தேடுகிறேன்:
முழங்கையில்.
தோளில்.
கையுறையின் முதுகில்.
ஒரு முறை, எனக்குக் காற்றே அடித்த அளவு அருகில்,
வெறும் இடத்தில்.

யாக்கூபுவின் இடக்கை தையல் ஊசி.
போனது தெரியவில்லை, வந்தது தெரியவில்லை,
ஆயிட்டேயின் புருவத்தில் சிவப்பு நூல் மட்டும்.
அரை அடி நகர்கிறான்;
சற்றுமுன் அவன் தலை இருந்த இடத்தை
ஒரு பெரிய குத்து வந்து விசாரித்துவிட்டுப் போகிறது.
கூட்டம் அதற்கும் கைதட்டுகிறது,
குத்தியவனுக்கு.

நீலம் பத்து, சிவப்பு ஒன்பது.
ரெஃப்ரி சீட்டை வாங்கிக்கொண்டு போகிறார்.

ஆறு வருடம் முன்பு ஒரு கடைசிச் சுற்றை
நான் கைதட்டலுக்குக் கொடுத்தேன்.
தோற்ற பையன் ஒக்காயின்.
மறு மாதம் ரீடிங் எடுக்க அவன் வீட்டுக்கே போக நேர்ந்தது.
கதவைத் திறந்தான், அடையாளம் கண்டான்,
சுவரில் இருந்த மீட்டரைக் காட்டினான்.
"இதையாவது சரியாப் படி."
தேநீர் வேண்டுமா என்றும் கேட்டான். அதுதான் தாங்கவில்லை.

ஆறாம் சுற்று.
என் பேனா மணிக்கு முன்பே நீலத்தின் பக்கம் சாய்ந்திருந்தது.
பழகிவிட்ட கை.
அப்போது மூலையில், எல்லோருக்கும் முதுகு காட்டி,
ஆயிட்டே ஒரு சின்ன இடது ஹூக் போட்டான்.
கல்லீரல்.
யாக்கூபுவின் முழங்கால் தரையிடம் ஏதோ கேட்டது,
பதில் வரும் முன் நிமிர்ந்துகொண்டது.
யாரும் கத்தவில்லை. பாடிக்கொண்டிருந்தார்கள்.
அந்த இரவில் அவனுடைய முதல் உண்மையான குத்து
என் நாற்காலிக்கு மட்டும் தெரிந்தது.

எழுத மனமில்லை.
இத்தனை பேருக்குப் பிடித்தவன் என்பதற்காக
அவனுக்கு ஒரு தண்டனை தரலாம்போல் இருந்தது.
அதற்கு நேர்மை என்று பெயரும் வைத்திருப்பேன்.

சிவப்பு பத்து.
அழுத்தி எழுதினேன், அட்டை கிழிகிற அளவு.

எட்டுச் சுற்று முடிந்தது.
வடக்கு நாற்காலி சிவப்பு. தெற்கு நாற்காலி சிவப்பு.
கிழக்கு, எழுபத்தெட்டுக்கு எழுபத்து மூன்று, நீலம்
என்று வாசிக்கவும்
தண்ணீர்ப் பாக்கெட்டுகள் பறந்து வந்தன.
ஒன்று தோளில் உடைந்தது. நல்ல குளிர்ச்சி.
என் பெயரை மட்டும் அறிவிப்பாளர்
எழுத்துப் பிசகாமல் சொல்லியிருந்தார்.

பின்வாசலில் மாமன் வாளியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.
யாக்கூபு வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்து
இடது தாடையால் மட்டும் மென்றான்.
நான்கு மணிக்கு பஸ்.
நான் என்ன சொல்ல? ஒன்றும் சொல்லவில்லை.

முரசுகள் தெருமுனை தாண்டிய பிறகு ஆயிட்டே வந்தான்,
ஒரு கண் மூடி, புருவத்தில் பிளாஸ்டர்.
திட்டுவான் என்று நின்றேன்.

"ஆறாவது?" என்றான்.

"உனக்கு."

தலையசைத்தான்.
கழுத்தில் தொங்கிய மாலைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே
எங்கோ பார்த்து
இன்னொரு முறை தலையசைத்தான்.